முத்துவைத் தூக்கப் போன என்னைத் தூக்கிய கதை

என் கையிலிருந்து ஒரு பொருளும் கீழே விழுந்ததில்லை, ஒரு பிள்ளையும் விழுந்ததில்லை என்று எங்கள் சந்தில் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இப்போது பொருளை மட்டும்தான் சொல்கிறேன். பிள்ளையைப் பற்றி ஆரம்பித்தால் உடனே நாலைந்து பேருக்கு இருமல் வந்துவிடுகிறது.

எனக்கு அறுபத்தாறு வயது. கல்யாணமாகித் தாராவிக்கு வந்த நாளிலிருந்து முறுக்குப் பட்டறையில் வேலை. பதினைந்து கிலோ எண்ணெய் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறுவேன். மாவு மூட்டை வந்து இறங்கினால் பட்டறை ஆம்பளைகள் எல்லாம், “அக்கா வரட்டும்” என்று மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு இருப்பார்கள். (அதை நான் மரியாதை என்று நினைத்தேன். சோம்பேறித்தனம் என்று பட்டறையை விட்டு நின்ற பிறகுதான் புரிந்தது.) வீட்டுக்காரர் போன பிறகு என் தம்பி வீட்டோடு வந்துவிட்டேன். தம்பி மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் காலைப் பலகாரம் போடுகிறவன். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். அவன் பெண்டாட்டி கனகா பை தைக்கிற பட்டறைக்கு எட்டு மணிக்குப் போய்விடுவாள். பகலெல்லாம் வீட்டில் நானும் முத்துவும்தான்.

முத்து தம்பியின் மகள். இது நடந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. பிறக்கும்போதே மூச்சு முட்டியதில் இரண்டு காலும் இடது கையும் விறைத்துப் போயின. வலது கை நல்ல கை. வாய் அதைவிட நல்ல வாய். தமிழில் திட்ட ஆரம்பித்து, இந்தியில் ஏறி, மராத்தியில் இறங்குவாள். அவளைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து மோரிக்கு, மோரியிலிருந்து மறுபடி படுக்கைக்கு என்று தினமும் ஏழெட்டு முறை தூக்குவது என் வேலை. மோரி என்றால் வேறொன்றும் இல்லை, வீட்டு மூலையில் ஒரு சாண் உயரத்துக்கு வரப்புக் கட்டி விட்டிருக்கிற இடம். குளிப்பதும் அங்கேதான், பாத்திரம் கழுவுவதும் அங்கேதான். ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் நிறைந்துவிடும்.

என் தூக்கில் ஒரு முறை உண்டு. பின்னால் போய் நின்று இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து ஒரே இழுப்பு. முத்து பேசிக்கொண்டு இருந்தால் அந்தப் பேச்சு இங்கே ஆரம்பித்து அங்கே போய் முடியும். அவ்வளவு வேகம். அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பக்கத்து வீட்டு சவிதா வாசலில் நிற்பாள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

செம்பூரில் முத்துவுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு சென்டர் இருக்கிறது. அங்கே இருக்கிற மேடம் ஒரு நாள் பிள்ளைகளைத் தூக்குகிற வீட்டுக்காரர்கள் எல்லோரையும் வரச் சொன்னார்கள். சின்ன வயது மராத்திப் பெண். என் மணிக்கட்டு அளவுக்குத்தான் அந்தப் பெண்ணின் கை. இது எனக்குத் தூக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறதாக்கும் என்று கனகாவைப் பார்த்துச் சிரித்தேன். மேடம் இந்தியில் கேட்டார்கள்.

“பிள்ளையத் தூக்கறதுக்கு முன்னால என்ன செய்வீங்க?”

நான் கையைத் தூக்கினேன். “சேலைய இடுப்புல சொருகுவோம்.”

“சரி. அதுக்கும் முன்னால, மாவ்சி?”

(மாவ்சி என்றால் மராத்தியில் சித்தி.) நான் சேலையை இடுப்பில் சொருகியே காட்டினேன்.

“கேட்கணும் மாவ்சி. தூக்கட்டுமான்னு பிள்ளைகிட்ட கேட்கணும். அது சரின்னு சொன்ன பிறகுதான் கைய வைக்கணும்.”

நான் கனகா பக்கம் திரும்பி, “மாவு மூட்டைகிட்ட கேட்டுக்கிட்டா தூக்குதோம்?” என்றேன். தமிழில் சொன்னதால் மேடத்துக்குப் புரியவில்லை. முத்துவுக்குப் புரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க என்னோடு பேசவில்லை. அவளால் எழுந்து வெளியே போக முடியாது இல்லையா, அதனால் கோபம் வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அதுதான் அவள் வீட்டை விட்டுப் போவது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் வீட்டில் இல்லை.

மேடம் எல்லோருக்கும் படம் போட்ட ஒரு தாள் கொடுத்தார்கள். எழுத்து மராத்தி. எனக்குத் தமிழே நாலாம் வகுப்போடு சரி, அதனால் படத்தை மட்டும் பார்த்தேன். பாதிப் படத்தில் பச்சைக் கோடு, பாதிப் படத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. சிவப்புக் குறி போட்ட படங்களில் எல்லாம் ஒரு தடித்த அம்மாள் இருந்தாள். பின்னால் நின்று அக்குளில் இழுக்கிறாள். முதுகை வளைத்துத் தூக்குகிறாள். ஈரத் தரையில் நின்று தூக்குகிறாள். முத்து எட்டிப் பார்த்துவிட்டு, “அத்தே, ஒன்னையக் கேக்காம ஒன் படத்தப் போட்டுட்டாவ” என்றாள்.

கூடவே ஒரு பெல்ட்டும் கொடுத்தார்கள். அகலமான துணி பெல்ட், சுற்றிலும் கைப்பிடி. பிள்ளையின் இடுப்பில் கட்டிக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டுமாம். முத்து கனம் கூடிவிட்டாள், மோரியிலிருந்து எடுக்கும்போது கட்டாயம் இரண்டு பேர் வேண்டும் என்று மேடம் என்னையே பார்த்துச் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். பெல்ட் நல்ல உறுதியான பெல்ட். வீட்டுக்கு வந்ததும் மெத்தையைச் சுருட்டி அதில் கட்டி மேலே ஏற்றி வைத்தேன். (பெல்ட் வந்த பிறகு ஒரு நாள் கூட மெத்தை அவிழ்ந்து விழவில்லை.)

இரண்டு மாதம் கழித்துச் சென்டரில் ஒரு செய்தி சொன்னார்கள். யாரோ புண்ணியவான்கள் மோட்டார் வைத்த சக்கர நாற்காலி கொடுக்கிறார்கள், தானே ஓட்டிக்கொண்டு போகிற நாற்காலி. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்து ஓட்டிக் காட்ட வேண்டும். நேராக ஓட்டி, திருப்பி, கோட்டில் சரியாக நிறுத்துகிறவர்களுக்குத்தான் நாற்காலி. அன்றைக்கு விட்டால் அடுத்து எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

அன்றிலிருந்து முத்துவுக்கு அதே நினைப்பு. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியைப் பிடித்து முன்னால் பின்னால் அசைத்துப் பழகுவாள்.

“நாற்காலி வந்தா எங்கட்டி போவ? காலேஜுக்கா? கோயிலுக்கா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் அப்புறம். மொதல்ல ஒன்கூட ஒரு நல்ல சண்ட போடணும். போட்டுட்டு, கோவிச்சுக்கிட்டு, வெளிய போவணும். இத்தன வருஷமா சண்ட போட்டுட்டு சண்ட போட்ட எடத்துலயே கெடக்கேன் அத்தே. எவளுக்காவது இந்தக் கொடும உண்டா?”

நான் சிரித்தேன். ஆனால் உள்ளே ஏதோ ஒரு ஓரத்தில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. நாற்காலி வந்துவிட்டால் என் தூக்குக்கு என்ன வேலை? இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை வந்தது. டாக்சிக்காரரைப் பத்து மணிக்குச் சந்து முனையில் நிற்கச் சொல்லியிருந்தது. கனகா வேலைக்குப் போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“மைனி, இன்னைக்கு மேலுக்கு மட்டும் தொடச்சு விட்டுருங்க, போதும். நேத்துத்தான் குளிச்சா. அப்படியே குளிப்பாட்டுனாலும் தூக்கும்போது சவிதாவக் கூப்பிட்டுக்கிடுங்க. நான் சொல்லிட்டுத்தான் போறேன்.”

“நீ போ தாயி. நான் பாத்துக்கிடுதேன்.”

மேலுக்குத் துடைப்பதா? ஒரு பெரிய காரியத்துக்குப் போகிற பிள்ளையை? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாலும், பெண் பார்க்க வந்தாலும், தம்பி பம்பாய்க்கு முதல் முதலாக ரயில் ஏறினபோதும், தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்காமல் யாரும் வாசலைத் தாண்டியது கிடையாது. நல்லெண்ணெய்ப் பாத்திரத்தைச் சூடு பண்ணிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் முத்துவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

“அத்தே, வேண்டாம். இன்னைக்கு வேண்டாம். நேரம் ஆயிரும்.”

“ஒரு நிமிசந்தான். ஒடம்பு குளுந்தாத்தான் கை நடுங்காது.”

“எனக்குக் கை நடுங்கல. வேண்டாம்னு சொல்லுதேன்லா?”

அவள் ‘சொல்லுதேன்லா’ என்று முடித்தபோது மோரியில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு படுக்கையில்தான் ஆரம்பித்தது.

வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பாவாடையை நெஞ்சு வரைக்கும் ஏற்றிக் கட்டிவிட்டு எண்ணெயை வைத்தேன். தலைக்கு மட்டும் வைத்திருந்தால் நான் இன்றைக்கும் தலை நிமிர்ந்து நடப்பேன். கை சும்மா இருக்கவில்லை. தோளுக்கு நல்லது, முதுகுக்கு நல்லது, விறைத்த காலுக்கு ரொம்ப நல்லது என்று கால் கிலோ எண்ணெயை அவள் மேல் இறக்கினேன். எண்ணெய் விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்க்காதவள். பட்டறையிலும் அதே பெயர்தான்.

எண்ணெய் ஊறுகிற நேரத்தில் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. எங்கள் பக்கம் தண்ணீர் காலையில் வருகிற நேரம் மட்டும்தான். வாளியில் பாதி இருந்தது. டிரம்மில் இருந்ததைக் கனகா துணி அலச எடுத்துவிட்டாள். அரை வாளித் தண்ணீரில் தலையில் இருந்த சீயக்காய்தான் போனது. மிச்ச எண்ணெய் எல்லாம் முத்துவின் மேலேயே இருந்தது. இறங்கியது மோரித் தரையில் இருந்தது. என் கையில் முழங்கை வரைக்கும் இருந்தது.

“மணி ஒம்பதாயிட்டு. சவிதா காக்கூவக் கூப்பிடு” என்றாள் முத்து. (காக்கூ என்றாலும் மராத்தியில் சித்திதான்.)

“ஒன்னையத் தூக்க நான் ஊரக் கூட்டணுமாக்கும்?”

“அத்தே, நான் வழுக்குதேன். எனக்கே தெரியுது. துண்ட சுத்தி, அந்த பெல்ட்ட எடுத்து...”

வழக்கம்போலப் பேச்சின் நடுவில் தூக்கினேன். பின்னால் போக இடம் இல்லாததால் முன்னால் நின்று, இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, ஒரே இழுப்பு. ஒரு சாண் எழுந்தாள். அதற்கு மேல் என் கை மட்டும்தான் எழுந்தது. கொதிக்கிற எண்ணெயில் முறுக்கு இறங்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல், வழுவழுவென்று அவள் கீழே இறங்கிக்கொண்டு இருந்தாள். விட்டேனா? விடவில்லை. கட்டிப் பிடித்தேன். கட்டிப் பிடித்தபடியே என் வலது கால் முன்னால் போனது, இடது கால் எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. ஸ்டூல் ஒரு பக்கம் பறந்தது. அடுத்த நிமிஷம் நான் மோரித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். முத்து என் மடியில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. “ஏட்டி, எங்க அடி பட்டுச்சு? சொல்லுட்டி” என்று தடவிப் பார்க்கிறேன். அவள் உடம்பு குலுங்குகிறது. அழுகிறாள் என்று நினைத்து எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. குனிந்து முகத்தைப் பார்த்தால், சிரிக்கிறாள். மூச்சு விட முடியாமல் சிரிக்கிறாள்.

“எனக்கு ஒண்ணும் ஆவல. நல்ல மெத்த மேலதான் விழுந்தேன். நீ எந்திரி.”

எழுந்திருக்கப் பார்த்தேன். இடுப்பில் யாரோ கொக்கி போட்டு இழுத்த மாதிரி ஒரு வலி. உட்கார்ந்தால் வலி இல்லை. அசைந்தால்தான். மூட்டை தூக்கின இடுப்பு, டின் தூக்கின இடுப்பு, அந்த இடுப்பு அன்றைக்கு வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

கதவு உள்ளே தாழ்ப்பாள். போன் கட்டிலில். முத்து சிரிப்பதை நிறுத்தினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதேகால்.

“அத்தே, பதினோரு மணிக்கு நான் அங்க இருக்கணும்” என்றாள். அதில் சிரிப்பே இல்லை. அந்தக் குரலைக் கேட்டதும் இடுப்பு வலியைவிட வேறொன்று அதிகமாக வலித்தது.

இரண்டு பேரும் சேர்ந்து “சவிதா” என்று கத்தினோம். சவிதா மீன் விற்கிறவள். காலை வியாபாரம் முடித்துவிட்டுக் கத்தி தீட்டிக்கொண்டு இருந்தாள். “காய் ஜாலா, அக்கா?” என்று வெளியே நின்று கேட்டாள். என்ன ஆச்சு என்று நான் எப்படிச் சொல்வேன்? முத்து சொன்னாள், மராத்தியில், விலாவாரியாக. பிறகு கதவு இடுக்கில் மீன் கத்தி நுழைந்து தாழ்ப்பாளை மெதுவாகத் தூக்கியது. சவிதா உள்ளே வந்து எங்களைப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

“சிரிச்சு முடிச்சுட்டு வா” என்றேன்.

தரை எண்ணெய். அவளும் வழுக்கினால் மூன்று பேர் ஆகிவிடுவோம். இந்த விஷயத்தில் எனக்கு முப்பது வருஷ அனுபவம் இருக்கிறது என்று நினைத்தேன். பட்டறையில் எண்ணெய் சிந்தினால் அரிசி மாவைத் தூவுவோம், உறிஞ்சிக்கொள்ளும். “சவிதா, மேல இருக்குல்லா பெரிய டப்பா, அந்த மாவ எடுத்துக் கொட்டு” என்றேன். அவளும் தாராளமாகக் கொட்டினாள்.

பட்டறைத் தரையில் தண்ணீர் கிடையாது. மோரித் தரையில் உண்டு. இது எனக்கு மாவு விழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எண்ணெயும் தண்ணீரும் அரிசி மாவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உலகத்தில் எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் ஆயுசு முழுக்கப் பிசைந்தது அதைத்தான்.

முத்து தன் விரலில் கொஞ்சம் எடுத்து உருட்டிப் பார்த்தாள். “பதம் சரியா இருக்கு அத்தே. உப்பும் எள்ளும் போடச் சொல்லுதேன், நீ உக்காந்த எடத்துலயே பிழிஞ்சிரு.”

“வாய மூடுட்டி.”

“இனிமே நான் சொல்லுதேன், நீ வாய மூடு” என்றாள். நான் மூடிக்கொண்டேன். என் மடியில் உட்கார்ந்துகொண்டே அவள் வேலை வாங்க ஆரம்பித்தாள். சவிதா மாவை வழித்து எடுத்தாள். காய்ந்த கோணிச் சாக்கைத் தரையில் விரித்தாள். கையைச் சோப்புப் போட்டுத் துடைத்துக்கொண்டாள். சக்கர நாற்காலியை மோரி வரப்போடு ஒட்டி வைத்து இரண்டு பிரேக்கும் போட்டாள். “பெல்ட் எங்க?” என்று கேட்டாள். நான் மேலே சுருட்டி வைத்த மெத்தையைப் பார்த்தேன். முத்து என்னைப் பார்த்தாள். மெத்தை அவிழ்ந்தது.

காய்ந்த துண்டை முத்துவைச் சுற்றிப் போர்த்தி அதன் மேல் பெல்ட்டைக் கட்டினார்கள். சவிதா காலை அகட்டி, முட்டியை மடக்கி, படத்தில் பச்சைக் கோடு போட்ட அம்மாள் மாதிரியே நின்றாள். (மேடத்தின் பாடத்தை முத்து வரி வரியாக மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாள். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.) நான் உட்கார்ந்தபடியே காலைத் தாங்கிக் கொடுத்தேன். “கேளு காக்கூ” என்றாள் முத்து. “தூக்கட்டுமா?” என்று சவிதா கேட்டாள். “தூக்கு” என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. வழுக்கல் இல்லை, இழுப்பு இல்லை, அவள் நாற்காலியில் இருந்தாள். இவ்வளவு சுலபமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்தது நான்.

சவிதா நேராக வந்து என் அக்குளில் கையைக் கொடுத்தாள். எனக்குச் சொரேர் என்றது. “ஏய், ஏய், இரு, கைய எடு” என்று அலறினேன். ஏனென்று சொல்லத் தெரியவில்லை. எதிர்பாராமல் ஒருத்தர் நம்மைத் தூக்க வந்தால் உடம்பு முழுக்க ஒரு பயம் வருகிறது. கால் தரையில் இருக்கும்போதே கீழே விழுகிற மாதிரி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை, பதினேழு வருஷம். எனக்குக் கணக்குத் தெரியாது. தெரியாததே நல்லது.

முத்து ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. நாற்காலியில் இருந்தபடி பொறுமையாகக் கேட்டாள்.

“அத்தே, எங்க வலிக்கி?”

“இடுப்புல. வலது பக்கம்.”

“கால் மடக்க முடியுதா? பைய மடக்கு. சவிதா காக்கூ முன்னால வருவா, அவ தோளப் பிடிச்சுக்கிடு. இழுக்க மாட்டா. தூக்கட்டுமா?”

“இதெல்லாம் ஒரு கேள்வியா? தூக்குங்களேன்.”

“ஆமாவா இல்லையான்னு சொல்லணும்.”

“ஆமா.”

பெல்ட் என் இடுப்பில் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. கனகாவின் துப்பட்டாவை முடிந்து நீளம் கூட்டினார்கள். சவிதா கைப்பிடியைப் பிடித்தாள். முத்து எண்ணினாள்.

“ஒண்ணு. ரெண்டு.”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். மூன்று வரவில்லை.

“அத்தே, இனிமே என்னையக் கேக்காம தூக்குவியா?”

“ஏட்டி, இடுப்பு போவுது.”

“எனக்கும் நேரம் போவுது. சொல்லு.”

“மாட்டேன்.”

“மாவு மூட்டைன்னு?”

“சொல்ல மாட்டேன் தாயி.”

“மூணு.”

எழுந்துவிட்டேன். பாதி வளைந்தபடிதான், ஆனால் எழுந்துவிட்டேன். சவிதா, “அக்கா, நீங்க ரெண்டு ஐஸ் பெட்டி கனம்” என்று மட்டும் சொன்னாள்.

சேலை மாற்ற நேரம் இல்லை. முத்துவுக்குச் சுடிதாரைப் போட்டுவிட்டு, சவிதாவும் எங்களோடு ஏறி, டாக்சி கிளம்பினபோது பத்தே முக்கால். சயான் பக்கம் வழக்கமான நெரிசல். டாக்சிக்காரர் மூக்கை உறிஞ்சி, “வீட்ல ஏதாவது விசேஷமா?” என்று கேட்டார். நல்லெண்ணெய், மீன், சீயக்காய் மூன்றும் சேர்ந்த வாசனைக்கு அவர் பாவம் வேறு என்ன நினைப்பார்? முத்து போனில் மணியை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லோரையும் கூப்பிட்டேன்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நாற்காலிக்காரர்கள் பேப்பரை எல்லாம் அடுக்கிக்கொண்டு இருந்தார்கள். மேடம் என்னைப் பார்த்தார்கள். வளைந்த முதுகு, மாவு அப்பிய சேலை, எண்ணெய் வழிகிற முழங்கை. ஒன்றும் கேட்காமல் அவர்களிடம் போய், “இன்னும் ஒருத்தி இருக்கா” என்று சொல்லி அவர்களை மறுபடி உட்கார வைத்தார்கள்.

முத்துவை மோட்டார் நாற்காலிக்கு மாற்றினார்கள். கைப்பக்கம் ஒரு சின்னக் குச்சி. அதைத் தள்ளுகிற பக்கம் வண்டி போகும். முத்து குச்சியைப் பிடித்தாள். வண்டி நேராக இரண்டடி போனது. பிறகு குச்சி அவள் விரலை விட்டு வழுக்கியது. வண்டி அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி மேஜையில் போய் இடித்தது. டீ கிளாஸ் ஒன்று உருண்டது. மறுபடி பிடித்தாள், மறுபடி வழுக்கியது. எண்ணெய். நான் வைத்த எண்ணெய். நாற்காலிக்காரர்களில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

முத்து கண்ணை மூடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வளைந்தபடியே நடுக்கூடத்துக்கு ஓடினேன். துடைக்க வேறு துணி இல்லை, மாவு காய்ந்து மொடமொடவென்று இருந்த என் முந்தானைதான் இருந்தது. அவள் கையைப் பிடிக்கப் போனவள், பாதியில் நின்றேன்.

“தொடைக்கட்டுமா?”

அவள் என்னைப் பார்த்தாள். “தொட” என்றாள்.

விரல் விரலாகத் துடைத்தேன். கேரம் பலகைக்குப் பவுடர் போட்ட மாதிரி, காய்ந்த அரிசி மாவு எண்ணெயை வாங்கிக்கொண்டு கையில் ஒரு பிடிப்பைக் கொடுத்துவிட்டது. குச்சியையும் துடைத்தேன். நாற்காலிக்காரர், “இது என்ன அம்மா, மருந்தா?” என்று கேட்டார். “ஆமா, எங்க ஊர் மருந்து” என்றேன். முத்து ஓட்டினாள். நேராக ஓட்டினாள், திருப்பினாள், கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, யாரும் கேட்காமலேயே இன்னொரு முறை போய்விட்டு வந்தாள்.

மேடத்திடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். மேடம் கோபப்படவில்லை. அதுதான் மோசம். அடுத்த வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டு, முப்பது பேருக்கு நடுவில் தரையில் உட்காரச் சொன்னார்கள். “இவங்க விழுந்துட்டாங்க. இப்ப எப்படி எழுப்புவீங்க?” என்று எல்லோரும் என்னை வைத்துப் பழகினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்புக்கும் நான்தான் விழுந்த ஆள். யாராவது கேட்காமல் கையை வைத்தால் நான் உடம்பைத் தளர விட்டுக் கனமாகிவிடுவேன், பிறகு நாலு பேர் வந்தாலும் முடியாது. என்னைப் போலக் கனமாக உட்கார செம்பூரில் ஆள் இல்லை என்று மேடமே சொல்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து நாற்காலி வந்தது. எங்கள் சந்தில் இரண்டு பக்கச் சுவரையும் உரசாமல் போக ஒரு வாரம் பழகினாள். எட்டாவது நாள் சண்டை. எதற்கு என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை, ஏதோ டிவி சத்தம். பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் குச்சியைத் திருப்பி, என் முகத்துக்கு முதுகைக் காட்டி, வாசலைத் தாண்டிப் போயே போய்விட்டாள். எனக்குப் பதில் சொல்ல நாக்கில் பத்து வார்த்தை இருந்தது. கேட்க ஆள் இல்லை. முப்பத்தெட்டு கிலோப் பெண் ஒருத்தி வீட்டை விட்டுப் போனால் வீடு எவ்வளவு காலியாகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கால் மணி நேரத்தில் ஒரு பையன் ஓடி வந்து, முத்து அக்காவின் சக்கரம் சந்து முனையில் சாக்கடைப் பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றான். நான் சவிதாவைக் கூப்பிட்டுக்கொண்டு, பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. முத்து வலது கையால் குச்சியைப் பிடித்தபடி நேராகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் சின்னக் கூட்டம். நான் குனிந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டேன்.

“தூக்கட்டுமா?”

“வேண்டாம்” என்றாள். “கோவம் இன்னும் தீரல. பத்து நிமிசம் கழிச்சு வா.”

எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சில் நானும் சவிதாவும் போய் உட்கார்ந்தோம். ஆளுக்கு அரை கிளாஸ் கட்டிங் டீ குடித்தோம். பத்து நிமிஷம் ஆனதும் அவளே, “ம், வா” என்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் யாரை எதற்குக் கூப்பிட்டாலும், ‘பத்து நிமிசம் கழிச்சு வா’ என்பதுதான் பதில். தம்பி சாப்பாடு கேட்டால் கனகா சொல்கிறாள், கனகா கடைக்குப் போகச் சொன்னால் தம்பி சொல்கிறான், பக்கத்து வீட்டிலிருந்து சவிதாவும் சொல்கிறாள். போன வாரம் வகுப்பில் ஒரு புது அம்மாள் என் முன்னால் குனிந்து, பயபக்தியாக, “தூக்கட்டுமா மாவ்சி?” என்று கேட்டாள். பத்து நிமிஷம் கழித்து வரச் சொல்லிவிட்டேன்.